எய்தவன் யார்?

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் தலை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கொல்லிமலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒரு டீ குடிக்கச் சொல்வார்கள். அப்படி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, புதிதாக வாங்கிய போனில் என் மின்னஞ்சலைத் திறந்தேன். சட்டைப் பையில் இருந்த பழைய போன் உடனே கிணுகிணுத்தது. புதிய கருவி ஒன்றிலிருந்து உங்கள் கணக்குக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள், நீங்கள்தானா என்று கேட்டது. நேரம் சரியாக இருந்தது. போன் மாடலும் சரி. ஊர் மட்டும் சென்னை என்று போட்டிருந்தது.

எதிரே ஒரு வேனில் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கும் அந்த டீக்கடைக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர். ஆனாலும் அந்த எச்சரிக்கை பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. மலைமேல் நிற்கும் டவர் என் தரவை வாங்கி, தொலைபேசி நிறுவனத்தின் பெரிய வாயில் ஒன்றுக்கு அனுப்புகிறது. பரந்த இணையத்துக்குள் நான் கால் வைப்பது அந்த வாயிலைத் தாண்டித்தான். அந்த வாயில் எனக்குத் தரும் ஐபி முகவரி என்ற எண் எந்த ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ, அந்த ஊர்க்காரனாகத்தான் வெளியில் தெரிவேன். ‘ஐபி முகவரியை வைத்து ஆளைப் பிடித்தார்கள்’ என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடை பெஞ்ச் நினைவுக்கு வரும். முகவரி என்று பெயர் வைத்துவிட்டதால் அது கதவு எண், தெருப் பெயர் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாம் ஒரு கணக்குக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்த நிறுவனத்தின் கணினி ஒரு வரி எழுதிவைக்கிறது. எந்தக் கணக்கு, எந்தத் தேதி, மணி, நிமிடம், விநாடி, எந்த ஐபி முகவரி, எந்த வகைப் போன் அல்லது உலாவி, கடவுச்சொல் சரியா தவறா. கணக்கு தொடங்கிய நாளில் கொடுத்த மீட்பு எண்ணும் மாற்று மின்னஞ்சலும் வேறோரிடத்தில் இருக்கும். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது இந்த வரியில் இருக்காது, உறையின் மேல் விழுந்த தபால் முத்திரை மட்டும் இருக்கும். புலனாய்வாளர்கள் பல நேரம் கேட்பது அந்த முத்திரையைத்தான். கடிதத்தில் யாரும் பொய்ப் பெயர் போடலாம். முத்திரையைக் குத்துவது தபால் ஆபீஸ்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் முதன்முதலில் தண்டனை கிடைத்த வழக்குகளில் ஒன்று நம் எழும்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. ஆண்டு 2004. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமாக எழுதி, அவருடைய தொலைபேசி எண்ணையும் போட்டுவிட்டிருந்தார் ஒருவர். யார் யாரோ அந்தப் பெண்ணைப் போனில் அழைக்க ஆரம்பித்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் புகார் கொடுத்தார். நவம்பர் 5ஆம் தேதி தீர்ப்பே வந்துவிட்டது, நம் நீதிமன்றங்களின் வழக்கமான வேகத்தை அறிந்தவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். குற்றவாளி மும்பையில் பிடிபட்டவர், அந்தப் பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர். பதிவு போடப் பயன்பட்ட பிரவுசிங் சென்டர் வரை தடம் போனது. சென்டர்காரர்கள் சாட்சி சொன்னார்கள். நாவி என்ற பெயரில் அறியப்படும் சட்ட வல்லுநர் விஜயசங்கர், திரையில் இருந்த பதிவுகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அன்றைக்கு வசதி ஒன்று இருந்தது. ஐபி முகவரி ஒரு பிரவுசிங் சென்டரில் போய் முடியும், அங்கே கோடு போட்ட நோட்டில் பெயர், வந்த நேரம், உட்கார்ந்த கேபின் எண் எல்லாம் இருக்கும். 2011இல் வந்த விதிகள் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்யவும், பதிவை ஓராண்டு வைத்திருக்கவும் சொல்லின. விதி வந்தபோது சென்டர்கள் மூடிக்கொண்டிருந்தன, போன்கள் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தன.

போன் வந்த பிறகு கணக்கு சிக்கலாகிவிட்டது. பழைய முறை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி, அதுவும் உலகம் முழுமைக்கும். இந்திய மக்கள்தொகை மட்டுமே 140 கோடியைத் தாண்டிவிட்டது. அதனால் தொலைபேசி நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல பேருக்கு ஒரே நேரத்தில் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரே வீட்டு எண், உள்ளே பல குடித்தனம். எந்தக் குடித்தனம் என்று அறியப் போர்ட் எண் என்ற இன்னோர் எண் வேண்டும், அது 65,535 வரை போகும். ஐபியும் நேரமும் இருந்து போர்ட் எண் இல்லாவிட்டால், நிறுவனம் திருப்பி அனுப்புவது ஒரு பெயராக இருக்காது, ஒரு பட்டியலாக இருக்கும். ஐபிவி6 என்ற புதிய முறை எண்களில் தட்டுப்பாடே இல்லை. ஆனால் பழையதும் புதியதும் இன்னும் சேர்ந்தேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைவிடப் பெரிய கண்ணி நேரம். ஒரு மாதிரி வரியை எடுத்துக்கொள்வோம்: ‘மார்ச் 14, 18:40:22, நுழைவு வெற்றி’. மாலை ஆறு நாற்பது என்றுதான் நம் கண் படிக்கும். ஆனால் பெரிய நிறுவனங்கள் பலவும் யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கூட்டிப் பாருங்கள், நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். மணி மட்டுமா, தேதியே மாறிவிட்டது, அது மார்ச் 15. மாலை 6.40க்கு அந்த ஐபி எண்ணை வைத்திருந்தவர் கொல்லிமலையின் சோளக்காட்டில் அன்னாசிப்பழம் எடை போட்டு யூபிஐயில் பணம் வாங்கிக்கொண்டிருந்த வியாபாரியாக இருக்கலாம். நள்ளிரவில் அதே எண் வேறு யாருக்கோ போயிருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் போலீஸ் ஜீப் எழுபது வளைவும் ஏறி வந்து தப்பான வீட்டுக் கதவைத் தட்டும்.

தப்பான கதவைத் தட்டிய வரலாறும் நம்மிடம் உண்டு. 2007 ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீஸ் கைது செய்தது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திப் பதிவு போட்டார் என்பது குற்றச்சாட்டு. எரவாடா சிறையில் அவர் கழித்தது 50 நாள். பிறகுதான் தெரிந்தது, இணைய நிறுவனம் கொடுத்த விவரமே தவறு, அந்த ஐபி அவருடையதே இல்லை. கணினியே சொல்லிவிட்டது என்ற நம்பிக்கையில் அத்தனை நாள் ஒரு மனிதர் உள்ளே இருந்திருக்கிறார். ஓர் எண்ணை ஒரு பெயராக மாற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு குமாஸ்தா என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவன் என்று ஆடிப்பெருக்கு விழாவில் ஆண்டுதோறும் பேசுகிறார்கள். வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாட்டு அதற்கு ஆதாரம். அந்தப் பாட்டில் வில்லாற்றல் எல்லார் கண்ணிலும் படும். என் கண்ணில் படுவது வேறொன்று. காட்டுக்குள் போகும் பாணர் கூட்டத்துக்கு அம்பு தெரிகிறது, வீழ்ந்து கிடக்கும் விலங்குகள் தெரிகின்றன, எய்தவன் யார் என்று தெரியவில்லை. அவர்கள் துப்புத் துலக்குகிறார்கள். கறி விற்றுப் பிழைக்கும் வேடன் மாதிரி இல்லையே, செல்வச் செழிப்புத் தெரிகிறதே, மார்பில் ஆரம் கிடக்கிறதே, இந்த மலைக்கு உரியவன் ஓரியாயிற்றே, இவன் அவனாக இருப்பானோ, இல்லையோ? எந்த ஒரு தடயமும் தனியாக ஓரியைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாம் சேர்ந்து விழும் இடத்தில் ஓர் ஆள் நிற்கிறான்.

உள்நுழைவுப் பதிவுகளைக் கையாள்வதும் இப்படித்தான். 2012இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு மிரட்டல் தொனியில் மின்னஞ்சல்கள் வந்தன. அனுப்பியவர் பெயர் போலி. கணக்குக்குள் நுழைந்த ஐபி எண்கள் வெவ்வேறு ஊர்களின் ஹோட்டல் வைஃபைகளில் போய் முடிந்தன. ஒரு ஹோட்டலில் இருநூறு பேர் தங்கியிருந்தால் இருநூறு பேர்மேலும் சந்தேகம், அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இரண்டாவது ஊரின் ஹோட்டல் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கும் பெயர்களை மட்டும் விட்டு மற்றதை அடித்துப் பாருங்கள். மூன்றாவது ஊர்ப் பட்டியலையும் வைத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே பெயர்தான். எஃப்.பி.ஐ. செய்தது அதுதான். கடிதம் எழுதியவரைத் தேடப் போனவர்கள், அவருக்கும் அன்றைய சி.ஐ.ஏ. தலைவர் டேவிட் பெட்ரேயஸுக்கும் இருந்த உறவில் போய் முட்டிக்கொண்டார்கள். நவம்பர் 9ஆம் தேதி பெட்ரேயஸ் பதவி விலகினார். உலகத்தையே வேவு பார்க்கும் அமைப்பின் தலைவரைக் கவிழ்த்தது ஹோட்டல் வருகைப் பட்டியல். இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு பென்சில் போதும்.

ஐபியை மறைத்துக்கொண்டால்? விபிஎன் இருக்கிறது, டோர் இருக்கிறது. 2025 ஜூனில் அகமதாபாத் குற்றப்பிரிவு சென்னையில் ஒரு பெண் பொறியாளரைக் கைது செய்தது. குஜராத்தின் நரேந்திர மோடி மைதானம், பள்ளிகள், ஒரு மருத்துவக் கல்லூரி என்று பல இடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் போயிருந்தன. தன்னை மணக்க மறுத்த ஒருவரைச் சிக்க வைப்பதற்காக, அவர் பெயரில் போலிக் கணக்குகள் தொடங்கி அனுப்பினார் என்பது போலீஸ் தரப்பு. அதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு இங்கே முக்கியம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்று போலீஸ் சொன்ன விளக்கம். எல்லா மறைப்புகளும் சரியாக இருந்தனவாம். ஆறு மாதம் முன்னால் ஒரு தடவை, சொந்தக் கணக்கையும் போலிக் கணக்கையும் ஒரே கருவியில் திறந்துவிட்டாராம்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அர்ச்சனைச் சீட்டில் ஒருவர் என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு நாள் முருகன், மறுநாள் கந்தன். வாசலில் விட்டது ஒரே ஜோடிச் செருப்பு. உலாவிக்குள் உட்காரும் குக்கீ என்ற சின்னக் குறிப்பு, போனின் தயாரிப்பு அடையாளம், திரையின் அளவு, பதிந்திருக்கும் மொழி, எழுத்துரு எல்லாம் அந்தச் செருப்பு மாதிரி. ஐபியை மாற்றலாம், பெயரை மாற்றலாம், செருப்பை மாற்ற வேண்டும் என்று தோன்றாது. மறைந்து திரிபவர் ஒவ்வொரு நாளும் தவறில்லாமல் நடக்க வேண்டும். தேடுகிறவருக்கு ஒரு நாள் தவறு போதும்.

கேட்டவுடன் பதிவுகள் கிடைத்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2024 பிப்ரவரி 8ஆம் தேதி சென்னையின் தனியார் பள்ளிகள் பலவற்றுக்கு ஒரே நாளில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பெற்றோர்கள் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். மின்னஞ்சல் வந்த புரோட்டான் சேவை சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, அந்த நாட்டுச் சட்டத்துக்குத்தான் தலைவணங்கும். வழக்கமாக உள்நுழைவு ஐபியைச் சேமிப்பதும் இல்லை. அதே நிறுவனம் 2021இல் பிரெஞ்சுச் சூழலியல் போராட்டக்காரர் ஒருவர் விஷயத்தில் சுவிஸ் அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டு ஐபியைப் பதிந்து கொடுத்தது. எழுதிவைக்காத பதிவை யாராலும் கொடுக்க முடியாது, இனிமேல் எழுது என்று ஆணையிட மட்டும் முடியும். அந்தப் பதிவு ஒரு போராட்டக்காரரைக் காட்டிக்கொடுக்கவும் பயன்படும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நம் நாட்டு விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. தொலைபேசி நிறுவனங்களின் அழைப்புப் பதிவுக்கும் இணையப் பதிவுக்கும் இரண்டு ஆண்டு. போலீஸ் நிலையங்களில் இவற்றைச் சி.டி.ஆர்., ஐ.பி.டி.ஆர். என்பார்கள். ஆறு மாதம் யோசித்துவிட்டுப் புகார் கொடுக்க வருபவரைப் பார்த்து எழுத்தர் பெருமூச்சு விடுவது இதனால்தான்.

மலையில் இந்தப் பதிவுகள் வேறு விதமாகவும் உதவலாம். இதை நிஜ வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாடு முழுவதும் நடப்பதை ஒரு கொல்லிமலைக்காரர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். சாமையும் மிளகும் விளைவிக்கும் ஒரு பெரியவர். கீழிருந்து வந்த ஒரு பையன் அவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க வைத்து, கையில் சில ஆயிரம் கொடுத்து, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். மூன்று மாதம் கழித்து, யாரையோ ஏமாற்றிப் பறித்த லட்சக்கணக்கான பணம் அந்தக் கணக்கில் ஏறி இறங்கியிருக்கிறது. சைபர் கிரைம் போலீஸ் வந்து நிற்கிறது.

“ஏங்க பெரியவரே, இந்த அக்கவுண்ட் உங்களுதா?”

“எம் பேர்லதானுங்க இருக்குது. கார்டு, சிம்மு ரெண்டையும் அந்தத் தம்பிகிட்டக் குடுத்துட்டனுங்க.”

பெயர் அவருடையது, ஆதார் அவருடையது, கைரேகையும் அவருடையதே. காகிதத்தை மட்டும் பார்த்தால் அவர்தான் குற்றவாளி. ஆனால் வங்கிச் செயலியின் உள்நுழைவுப் பதிவைக் கேட்டு வாங்கினால், ஒவ்வொரு தடவையும் வேறொரு மாநிலத்தில், அவர் கண்ணாலும் பார்த்திராத விலை உயர்ந்த போனிலிருந்து யாரோ நுழைந்திருப்பது தெரியும். அதே நிமிடங்களில் அவருடைய பட்டன் போன் கொல்லிமலை டவரில் பேசிக்கொண்டிருந்திருக்கும். கணக்கைக் கைமாற்றிக் கொடுத்த பிழையிலிருந்து அவர் தப்ப முடியாது. திருடன் என்ற பெயரிலிருந்து தப்பலாம். நியூயார்க்கில் 2009இல் வழிப்பறி வழக்கில் பிடிபட்ட ஓர் இளைஞரை வெளியே கொண்டுவந்ததும் இது போன்ற ஒரு பதிவுதான். சம்பவத்துக்குச் சற்று முன்பு தன் தந்தையின் வீட்டுக் கணினியில் ஃபேஸ்புக்கில் அவர் போட்ட ஒரு வரி, பலகாரம் எங்கே என்று கேட்கும் விளையாட்டு வரி. அரசு வழக்கறிஞர் அலுவலகமே ஃபேஸ்புக்கிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வழக்கைக் கைவிட்டது. ஆனால் எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். அந்த வரியைத் தட்டியது அவர் விரல்தானா? கடவுச்சொல் தெரிந்த தம்பியோ நண்பனோ தட்டியிருக்க முடியாதா?

எல்லாத் தடமும் கடைசியில் வந்து நிற்கும் சந்தேகம் அதுதான். பதிவு கணக்கைக் காட்டும், கருவியைக் காட்டும், நேரத்தைக் காட்டும். விரலைக் காட்டாது. வீட்டுக்கு ஒரு போன் என்று வைத்துக்கொண்டு அப்பா, மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாரும் பயன்படுத்தும் ஊர்களில் இந்த இடைவெளி இன்னும் அகலம். நீதிமன்றங்களும் வெறும் அச்சுத்தாளை ஏற்பதில்லை. மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கும் இடம் இருக்கிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும் நீண்ட எண் அது. கைக்கு வந்தபின் பதிவை யாரும் தொடவில்லை என்பதற்கு அது சாட்சி. பதிவு பிறந்தபோது விசைப்பலகையில் யார் கை இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

அந்த ஒரு கேள்விக்காக அமெரிக்கப் புலனாய்வாளர்கள் போட்ட நாடகம் ஒன்று உண்டு. போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு என்ற மறைமுகச் சந்தையை நடத்தியவர் ராஸ் உல்பிரிக்ட் என்று அவர்களுக்குக் கிட்டத்தட்டத் தெரியும். மடிக்கணினி மூடியிருக்கும்போது பிடித்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளும், நான் இல்லை என்று சொல்லிவிடலாம். 2013 அக்டோபர் 1ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவின் ஒரு நூலகத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். சந்தையின் ஊழியர் வேடத்தில் அரட்டையில் இருந்த ஓர் அதிகாரி, ஒரு புகாரைப் பார்க்க வேண்டும், நிர்வாகியாக உள்ளே வாருங்கள் என்று கேட்டார். உல்பிரிக்ட் உள்ளே நுழைந்தார். பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போடும் சத்தம், இருவரும் அதிகாரிகள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் மடிக்கணினி வேறு கைக்குப் போய்விட்டது. திரையில் நிர்வாகியின் கணக்கு திறந்தே இருந்தது.

கொல்லிமலைக் காட்டில் பாணர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். நேரே நீ ஓரியா என்று அவர்கள் கேட்கவில்லை. யாழும் முழவும் எடுத்துப் பாடினார்கள், பாட்டின் நடுவே கோவே என்று விளித்தார்கள். அது தன் பெயராக இருந்ததால் வில்லோடு நின்றவன் வெட்கப்பட்டான்.